தாள் கனம்

இயற்கைக் காட்சியைக் கண்டதும் பாடம் சொல்லத் தொடங்கிவிடுகிறவர்களிடம் எனக்குக் கொஞ்சம் பயம் உண்டு. மலை தெரிந்தால் ஆண்டவருடைய வல்லமை, கடல் தெரிந்தால் அவருடைய இரக்கத்தின் ஆழம், வானவில் தெரிந்தால் நோவா. கார் நிற்பதற்குள் பிரசங்கம் முடிந்துவிடும். மலைப்பிரசங்கத்தில் காட்டுப்பூக்களைப் பற்றிப் பேசிய இயேசு அப்படி அவசரப்படவில்லை. முதலில் அவற்றைக் கவனித்துப் பார்க்கச் சொன்னார், அவை வளர்கிற விதத்தைப் பார்க்கச் சொன்னார். சாலொமோனின் உடுப்பு அதற்குப் பிறகுதான் வருகிறது. அந்த வரிசையை மதித்து ஒரு சாலையில் போய்ப் பார்க்கலாம் என்றால், பாளையங்கோட்டையில் புறப்பட்டு நாசரேத், மெஞ்ஞானபுரம், மணப்பாடு, இடையன்குடி என்று தெற்கே இறங்கும் சாலை தோதானது. அங்கே அருவி இல்லை, மலைமுகடு இல்லை. திருச்செந்தூருக்கும் கன்னியாகுமரிக்கும் போகிறவர்கள் தூங்கிக்கொண்டே கடக்கிற நிலம் அது.

வைகாசி முடிகிற நாட்களில் ஒரு சனிக்கிழமை சித்தியோடு போனேன். சித்தி ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர். சிறுவயதில் மெஞ்ஞானபுரத்தில் விடுதியில் தங்கிப் படித்தவர். எந்த வசனம் எந்த அதிகாரம் என்று அவருக்குத் தெரியும், ஆனால் கேட்டால்தான் சொல்லுவார். வழித்துணைக்கு இதைவிடப் பெரிய தகுதி வேண்டியதில்லை.

பாளையங்கோட்டையிலேயே நிற்பதற்கு இடங்கள் உண்டு. மிஷனரி ரேனியஸ் காலத்தில், 1826-இல் திறக்கப்பட்ட ஊசிக்கோபுரம் இருக்கிறது. அதற்கும் முன்னால், 1785-இல், குளோரிந்தா என்று ஞானஸ்நானம் பெற்ற பிராமண விதவை எழுப்பிய சின்னக் கோயில் இருக்கிறது. ஊராருக்கு அது பாப்பாத்தியம்மாள் கோயில். அன்றைக்கு நாங்கள் நிற்கவில்லை. வெயில் ஏறுமுன் பனங்காட்டைப் பிடிக்க வேண்டியிருந்தது.

திருச்செந்தூர் சாலை வெகுதூரம் தாமிரபரணியை இடது கைப்பக்கம் வைத்துக்கொண்டே போகிறது. செய்துங்கநல்லூர், கருங்குளம், ஆழ்வார்திருநகரி. ஆற்றின் இரு கரையிலும் நவதிருப்பதிக் கோயில்கள். நம்மாழ்வாரின் புளியமரம் இங்கேதான் நிற்கிறது. வாழைத்தோப்பு முடிந்தால் வயல், வயல் முடிந்தால் மறுபடி வாழை. ஆற்றின் கடைசி அணை ஸ்ரீவைகுண்டத்தில் இருக்கிறது. அங்கிருந்து பிரிகிற தென்கால் குளம் குளமாக நிரப்பிக்கொண்டு கடம்பாகுளம் வரை போகிறது. இந்தப் பச்சையை எல்லாரும் ரசிப்பார்கள். எனக்குப் பிடித்தது அது முடிகிற இடம்.

நாசரேத்துக்குத் தெற்கே திரும்பியபின் கவனித்துக்கொண்டே இருந்தால் அந்த இடம் தெரியும். கால்வாய்த் தண்ணீர் எட்டுகிற கடைசி வயல் ஒன்று இருக்கும். அதன் வரப்பில் நாலைந்து பனை நிற்கும். வரப்புக்கு அந்தப் பக்கம் மண் மங்கிய சிவப்பு. இன்னும் கொஞ்சம் போனால் செங்காவி. பிறகு பச்சை என்பது தரையில் இல்லை, நாற்பது ஐம்பது அடி உயரத்தில், பனந்தலைகளில் மட்டுமே இருக்கிறது. இந்த எல்லைக்குத் தெற்கேதான் பழைய மிஷன் ஊர்கள் நெருக்கமாக வருகின்றன. நாசரேத்தில் 1876 முதல் 1908 வரை இருந்த மர்காஷியஸ் ஐயர் பள்ளியும் மருத்துவமனையும் தொழிற்கல்வியும் கொண்டுவந்தார். அங்கிருந்து ஒரு கல்லெறி தூரத்துக்கு ஒன்று என்று ஊர்கள். வயல் இருந்த இடத்தில் கோபுரம் குறைவு, மணல் இருந்த இடத்தில் அதிகம்.

இதிலிருந்து உடனே ஒரு பாடம் எடுத்துவிடலாம்: வறண்ட நிலத்தில்தான் விசுவாசம் முளைக்கும் என்று. எனக்கு அதில் சம்மதமில்லை. வறண்ட நிலத்தில் முதலில் முளைப்பது பசி. 1876-78 பஞ்சத்தின்போது இந்தப் பக்கம் ஆயிரக்கணக்கானோர் சபையில் சேர்ந்தார்கள். சோற்றுக்கு வந்தவர்கள் என்று அவர்களை அன்றும் சொன்னார்கள், இன்றும் சொல்பவர்கள் உண்டு. யோவான் 6-ஆம் அதிகாரத்தை அப்போதெல்லாம் நினைத்துக்கொள்வேன். அப்பம் தின்று திருப்தியானதால்தான் என்னைத் தேடுகிறீர்கள் என்று இயேசு ஜனங்களைக் கண்டிக்கிறார், உண்மைதான். ஆனால் எப்போது கண்டிக்கிறார்? மறுநாள். முந்தின நாள் ஐயாயிரம் பேரைப் புல்தரையில் உட்காரவைத்து வயிறாரப் பரிமாறிவிட்டு, மிச்சத்தைக் கூடைகளில் சேர்க்கச் சொல்லிவிட்டு, மறுநாள்தான் பேசுகிறார். அந்த ஒரு இரவு இடைவெளியை விட்டுவிட்டு இந்த ஊர்களின் கதையைப் படிக்கக் கூடாது.

நாசரேத்துக்கும் மெஞ்ஞானபுரத்துக்கும் நடுவில் ஒரு பனைவிளையின் ஓரம் வண்டியை நிறுத்தச் சொன்னார் சித்தி. மேலே ஒருவர் மட்டைகளுக்கு நடுவில் உட்கார்ந்திருந்தார். கீழே மரத்தில், ஏற உதவும் முருக்குத்தடி சாய்ந்து நின்றது.

பனையேறுவதைத் தூரத்திலிருந்து பார்ப்பவர்கள் ஏறுகிற வேகத்தைத்தான் பார்க்கிறார்கள். பார்க்க வேண்டியது உச்சியில் நடப்பதை. பாளை என்பது பனையின் பூங்கொத்து. அது விரியுமுன் கடிப்பு என்ற மரக்கருவியால் இதமாக நசுக்கி, நாரால் கட்டி, நுனியைப் பாளை அருவாளால் சீவுகிறார்கள். சீவிய வாயிலிருந்து சொட்டுகிறதை மண்கலயம் ஏந்திக்கொள்கிறது. ஒரு தடவை சீவினால் போதாது. காலை ஒருமுறை, மாலை ஒருமுறை, சில சமயம் நடுப்பகலிலும் ஏறிச் சீவ வேண்டும். அப்படி முப்பது நாற்பது மரம். பங்குனியில் தொடங்கி ஆடி வரைக்கும் இதே வேலை.

அவர் இறங்கியதும் கேட்டேன். "அண்ணாச்சி, ஒரு தடவைக்கு எவ்வளவு சீவுவீங்க?"

"தாள் கனம்தான் தம்பி. ஆசப்பட்டுத் தடிச்சு சீவுனா பாள சீக்கிரம் தீந்துரும்லா. சீவாம விட்டாலும் வாய அடைச்சுக்கிடும்."

அருவாளைக் காட்டினார். அகலமான தட்டை அலகு. அதன் கூரைப் பார்த்தால் சவரக்கத்தி இதனிடம் பாடம் படிக்கலாம் என்று தோன்றியது. அலகில் ஒட்டியிருந்த சீவலை விரலால் எடுத்து என் உள்ளங்கையில் வைத்தார். வெளிச்சம் அதன் வழியே தெரிந்தது.

யோவான் 15-ஆம் அதிகாரத்தில் தோட்டக்காரராகிய பிதா கனி கொடுக்கிற கொடியைத்தான் சுத்தம் பண்ணுகிறார் என்று வருகிறது. இதைப் பற்றி எத்தனையோ செய்திகள் கேட்டிருக்கிறேன். எல்லாவற்றிலும் கத்தி பெரிதாக இருந்தது. உபத்திரவம், இழப்பு, நோய் என்று வெட்டு ஆழமாக இருந்தது. கத்தி எவ்வளவு மெல்லிசாகப் போகலாம் என்று யாரும் சொல்லிக் கேட்டதில்லை. ஒப்புமை முழுக்கப் பொருந்தாது என்பதும் தெரியும். திராட்சைக்கொடியை நறுக்குவது கனிக்காக. பனையில் சீவிய பாளையில் நுங்கு வராது. ஆனாலும் இரண்டு சங்கதிகள் அந்த உள்ளங்கைச் சீவலில் இருந்தன. கொடுக்கிற பாளையைத்தான் அருவாள் தொடுகிறது, தொடும்போது தாள் கனத்துக்கு மேல் எடுப்பதில்லை. இன்னொன்று, சீவுகிறவர் தரையில் நின்றுகொண்டு சீவவில்லை. ஒவ்வொரு சீவலுக்கும் தன் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு அந்த உயரத்துக்கு வருகிறார். நெஞ்சிலும் பாதத்திலும் காய்ப்பு ஏறியிருக்கிறது. வெட்டுகிற கைதான் இந்தக் கதையில் அதிக ஆபத்தில் இருக்கிறது. இதைப் பார்த்தபின் அந்த அதிகாரத்தைப் பழைய பயத்தோடு வாசிக்க முடியவில்லை.

கலயத்துக்குள் எட்டிப் பார்த்தால் உட்சுவரில் வெள்ளைப் பூச்சு தெரியும். சுண்ணாம்பு. அது இல்லாவிட்டால் சொட்டுகிற இனிப்பு, காற்றில் இருக்கிற நுண்ணுயிர் பட்டுத் தானாகவே கள்ளாகிவிடும். யாரும் எதையும் சேர்க்க வேண்டாம். சும்மா விட்டால் போதும். இனிப்பு இனிப்பாக இருக்கத்தான் கைவேலை தேவைப்படுகிறது. அதுவும் அளவோடு. சுண்ணாம்பு குறைந்தால் புளிப்பு, கூடினால் வாய் கூசும். ஓலைப்பட்டை பிடித்துப் பதனீர் ஊற்றித் தந்தார்கள். பனையோலையின் பச்சை வாசம், அடியில் இளஞ்சூடு, நாக்கின் ஓரத்தில் மட்டும் சுண்ணாம்பின் சிறு உறைப்பு. சித்தி இரண்டாவது பட்டை கேட்டார்.

சுண்ணாம்பு போட்டாலும் பதனீர் மறுநாளைக்கு நிற்காது. அன்றைக்கே குடித்துவிட வேண்டும் அல்லது அன்றைக்கே காய்ச்சிவிட வேண்டும். யாத்திராகமத்தில் மன்னா அப்படித்தான். காலையில் அன்றைக்கு வேண்டியதை மட்டும் சேர்த்துக்கொள்ளலாம். அடுத்த நாளைக்கென்று எடுத்துவைத்தவர்களுடையது பூச்சி பிடித்து நாறியது. வனாந்தரத்து இஸ்ரவேலருக்கு இதை ஒரு கட்டளையாகச் சொல்ல வேண்டியிருந்தது. பனையேறி வீட்டுக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. கர்த்தருடைய ஜெபத்தில் அன்றன்றுள்ள ஆகாரத்தைக் கேட்கிறோமே, நாளைக்கும் சேர்த்துக் கேட்டால் என்ன என்று சிறுவயதில் எனக்கு ஒரு கேள்வி இருந்தது. பதனீர் தெரிந்தவனுக்கு அந்தக் கேள்வி வராது.

விளைக்குப் பக்கத்திலேயே விடிலி, ஓலை வேய்ந்த சின்னக் குடிசை. பனையேறுவதை வைத்துப் பிரசங்கம் செய்தவர்கள் உண்டு, கருப்பட்டி காய்ச்சுவதை வைத்துச் செய்தவர்களை நான் பார்த்ததில்லை. உள்ளே புகையில் உட்கார்ந்து மணிக்கணக்காக அகப்பையைக் கிண்டுகிற அம்மாவுக்கு இந்தப் பக்கத்து வேதபாடங்களில் இடமில்லை. பொங்கி வருகிற நுரை எப்போது சிறுத்து, எப்போது பாகு பொன்னிறம் விட்டுக் கருஞ்சிவப்புக்குப் போகிறது என்பதை அவர் கண் எரியப் பார்த்துக்கொண்டிருக்கிறார். ஒரு சொட்டைத் தண்ணீரில் விட்டுப் பார்க்கிறார். பதம் வந்ததும் சிரட்டைகளில் ஊற்றுகிறார். ஒரு நாளில் கெட்டுப்போகிறது இப்போது வருடக்கணக்காக நிற்கும். மன்னாவில்கூட உடன்படிக்கைப் பெட்டியில் வைக்க ஒரு ஓமர் அளவு கெடாமல் இருந்தது என்பதைச் சித்தி, கேட்டபிறகு, ஞாபகப்படுத்தினார்.

மெஞ்ஞானபுரத்துக் கோபுரம் பனந்தலைகளுக்கு மேலே வெகுதூரத்திலிருந்து தெரிகிறது. 192 அடி. தட்டையான நிலத்தில் அதற்குப் போட்டியே இல்லை. கிட்டே போகப் போக அது பெரிதாக வேண்டும் அல்லவா? நடப்பது வேறு. ஊருக்குள் நுழைந்ததும் கோபுரம் மறைந்துவிடுகிறது. மறைப்பவை மரங்கள். 1837-இல் மிஷனரி ஜான் தாமஸ் வந்தபோது இது வெறும் மணற்காடு. கிணறு வெட்டி, மரம் வைத்து, வீதி அமைத்துத்தான் ஊராக்கினார்கள். பவுலின் பெயரில் கட்டிய கோயில் 1847-இல் பிரதிஷ்டையானது. 1870-இல் தாமஸ் இதே ஊரில் காலமானார். அவர் எழுப்பியதில் எது பெரியது என்று கேட்டால், கோபுரத்தைக் காட்டுவதா அதை மறைக்கிற நிழலைக் காட்டுவதா என்பது எனக்கு இன்னும் முடிவாகவில்லை. வெயில் நேரத்தில் கேட்டால் நிழல் என்றுதான் சொல்லுவேன்.

சித்திக்கு வேறு கணக்கு. "லீவுக்கு ஊருக்குப் போற அன்னைக்கு கோபுரம் மறையுற வரைக்கும் திரும்பித் திரும்பிப் பாப்போம். திரும்பி வரும்போது ஒருத்தியும் ஏறிட்டுப் பாக்கமாட்டா. பாத்தா அழுக வந்துரும்லா."

கோயிலைச் சுற்றி நடக்கும்போது ஒரு பழைய சந்தேகம் எழும். புத்தியில்லாதவன் மணலின்மேல் வீடு கட்டினான் என்று மத்தேயு சொல்லுகிறார். ஞாயிறுபள்ளியில் கைதட்டிப் பாடிய பாடம். ஆனால் இந்த வட்டாரமே மணல். மணல் தவிர வேறொன்றும் இல்லாத நாட்டில், மணலின்மேல் கட்டாதே என்று அந்தப் பிள்ளைகளுக்கு யார் எப்படிச் சொல்லிக்கொடுத்திருப்பார்கள்? கூரைவீட்டுப் பிள்ளை நிமிர்ந்து பார்த்தால் எதிரே மணல்நாட்டில் 192 அடிக் கோபுரம் நிற்கிறது. லூக்காவில் இதே உவமை சற்று வேறு மாதிரி வருகிறது. அங்கே மணல் என்ற பேச்சே இல்லை. ஒருவன் ஆழமாய்த் தோண்டிக் கற்பாறையின்மேல் அஸ்திபாரம் போட்டான், மற்றவன் அஸ்திபாரம் இல்லாமல் தரைமேல் கட்டினான், அவ்வளவுதான். மண் எப்படிப்பட்டது என்பதல்ல, எவ்வளவு தோண்டினாய் என்பது கேள்வி. இந்த ஊர்க்காரர்களுக்கு லூக்காதான் சரியான சுவிசேஷகர் என்று நினைக்கிறேன். கோபுரத்தின் அடியில் எத்தனை பேர் எத்தனை நாள் மணலை வாரிக் கொட்டியிருப்பார்கள் என்பது வெளியே தெரிகிற எந்த அடிக்கணக்கிலும் இல்லை.

ஊரைத் தாண்டினால் தேரி. குதிரைமொழித் தேரி என்று பெயர் கொண்ட செம்மணல் மேடுகள். தமிழ்நாட்டில் இப்படி ஒரு நிலம் இருக்கிறது என்று நம்ப முடியாத சிவப்பு. ஒரு பிடி அள்ளிக் கைக்குட்டையில் போட்டு உற்றுப் பார்த்தால் அந்தச் சிவப்பு மணிக்குள் இல்லை என்பது புரியும். மணி வெண்மையான படிகக்கல். அதன்மேல் இரும்பு ஆக்சைடு மெல்லிய தோலாகப் படிந்திருக்கிறது. இதைக் கேட்டதும் எந்தப் பிரசங்கியாருக்கும் ஏசாயா முதல் அதிகாரம் நினைவுக்கு வரும், சிவப்பான பாவமும் வெண்பனியும். அழகான பொருத்தம்தான். ஆனால் மண்ணைப் பாவத்துக்கு உவமை ஆக்க எனக்கு மனம் வரவில்லை. இந்தச் சிவப்பைக் கழுவிவிட்டால் தேரியே இல்லை. பாடத்துக்கு வளைந்து கொடுக்காத அழகும் ஆண்டவர் படைத்ததுதானே. அதைப் பார்த்துவிட்டுச் சும்மா வருவதும் ஒரு ஆராதனை.

ஆனி, ஆடியில் மேற்குத்தொடர்ச்சி மலைக் கணவாய்கள் வழியாக வரும் காற்று இந்த மணலைக் கிளப்பி மேடுகளை இடம் மாற்றும். நாங்கள் போனபோது காற்று அப்போதுதான் தொடங்கியிருந்தது. மேட்டின் சரிவில் விரலகல இடைவெளியில் வரிகள். ஒவ்வொரு வரியின் காற்றுப்பக்கமும் சாய்வாக, மறுபக்கம் செங்குத்தாக. வரிகளைக் குறுக்கே கடந்துபோன ஒரு வண்டின் தடம், இரண்டு வரிசைப் புள்ளிகளாக. உடைமரத்து முள்ளுக்குக் கீழே ஒரு நிழல், அதில் ஆடு ஒன்று. இத்தனை வறட்சியிலும் மேலப்புதுக்குடி பக்கம் தேரி நடுவே சுனை உண்டு. அருஞ்சுனை காத்த அய்யனார் கோயில் அதன் கரையில் இருக்கிறது. தேரி மணல் மழையைக் குடித்து அடியில் வைத்துக்கொள்ளும். மேலே இருப்பதை வைத்துக் கீழே இருப்பதைத் தீர்மானிக்காதே என்பதை அய்யனார் கோயிலுக்கு வருகிறவர்களும் அறிவார்கள், வேதக்கோயிலுக்குப் போகிறவர்களும் அறிவார்கள்.

மணப்பாட்டில் நிலம் திடீரென்று எழுந்து கடலுக்குள் நீட்டிக்கொண்டிருக்கிறது. அதன் உச்சியில் திருச்சிலுவைக் கோயில், 1581-இல் தோன்றியது. புயலில் தப்பிய போர்த்துகீசியக் கப்பலின் தலைவன் உடைந்த பாய்மரத்தைச் சிலுவையாக்கி இந்தக் குன்றில் நட்டான் என்பது ஊர் மரபு. ஒருபக்கம் அலை, மறுபக்கம் கருமேனியாற்று முகத்துவாரத்தில் அசையாத தண்ணீர். நடுவில் ஒரு மணல்திட்டு இரண்டையும் பிரித்து வைத்திருக்கிறது. செப்டம்பர் 14 திருவிழாவுக்குக் கூட்டம் தாங்காது. மற்ற நாட்களில் காற்றுதான்.

குன்றின் கடற்பக்கச் சரிவில் சவேரியார் தங்கி ஜெபித்ததாகச் சொல்லப்படும் குகை இருக்கிறது. 1542-இல் அவர் முத்துக்குளித்துறைக்கு வந்தார். ஜெபங்களை மொழிபெயர்ப்பாளர்கள் உதவியோடு தமிழாக்கி மனப்பாடம் செய்துகொண்டு, கையில் ஒரு மணியை வைத்து ஆட்டிக்கொண்டு தெருத்தெருவாகப் போய்ப் பிள்ளைகளைக் கூட்டினார். ஞானஸ்நானம் கொடுத்துக் கொடுத்துக் கை ஓய்ந்துபோகிறது என்று கடிதத்தில் எழுதியிருக்கிறார். எனக்கு அந்தக் கையைவிட அந்த வாய்தான் பிடித்திருக்கிறது. அர்த்தம் பாதி புரிந்த, உச்சரிப்பு பிசகிய தமிழில் ஒரு அந்நியர் விசுவாசப் பிரமாணம் சொல்ல, கடற்கரைப் பிள்ளைகள் சிரிப்பை அடக்கிக்கொண்டு திருப்பிச் சொல்லியிருப்பார்கள். ஏறக்குறைய ஐந்நூறு ஆண்டுகளாக அதைச் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள், நல்ல தமிழில்.

குகைக்குள் ஒரு கிணறு. கடல் இத்தனை பக்கத்தில் இருந்தும் தண்ணீர் கரிக்காது. அற்புதம் என்கிறார்கள், நான் மறுக்கவில்லை. ஆனால் அது நடக்கிற விதம் இன்னும் அழகு. கடற்கரைக் கிணறுகளுக்கெல்லாம் பொதுவான கணக்கு அது. மழைநீர் உப்புநீரைவிட இலேசு. மணலுக்குள் இறங்கி உப்புநீரோடு கலந்துவிடாமல் அதன்மேல் மிதக்கிறது. கடல்மட்டத்துக்கு மேல் 1 அடி நன்னீர் நின்றால், அதன் பாரத்தில் கீழே சுமார் 40 அடிக்கு உப்புநீர் தள்ளிப்போயிருக்கும். ஆனால் பேராசையோடு மோட்டார் வைத்து இறைத்து மேலே 1 அடி குறைத்துவிட்டால் கீழே உப்பு 40 அடி ஏறிவரும். ஏறிய உப்பு இறங்க வருடங்கள் ஆகும். வாளி போட்டு அன்றன்றைக்கு இறைத்தால் இந்த ஏற்பாடு நூற்றாண்டுகள் நிற்கும். காலையில் பாளையில் பார்த்த தாள் கனம்தான் இங்கே தண்ணீரில் இருந்தது. கிருபையை நாம் வற்றாத ஊற்று என்று பாடுகிறோம். வற்றாததுதான், ஆனால் எடுத்துக்கொள்கிற விதம் ஒன்று இருக்கிறது என்பதைக் கடற்கரைக்காரர்கள் நம்மைவிடத் தெளிவாக அறிந்திருக்கிறார்கள்.

சித்தி சி.எஸ்.ஐ.காரர். கத்தோலிக்கக் கோயிலில் மெழுகுவர்த்தி ஏற்றுவது அவருக்கு வழக்கமில்லை. கிணற்றுத் தண்ணீரை இரண்டு கையாலும் ஏந்திக் குடித்துவிட்டு, முந்தானையில் வாயைத் துடைத்துக்கொண்டு, "தண்ணியில என்ன சபை வித்தியாசம்" என்று தானாகவே சொல்லிக்கொண்டார். நான் ஒன்றும் கேட்கவில்லை.

மேற்கே திரும்பினால் காற்றாலைகள் வரிசைகட்டும். காற்று தான் விரும்பிய இடத்தில் வீசுகிறது என்று நிக்கொதேமுவுக்குச் சொன்னதை இவற்றோடு இணைத்துப் பேசாத ஊழியக்காரர் இந்தப் பக்கத்தில் கிடையாது. ஆகவே நான் விட்டுவிடுகிறேன்.

இடையன்குடிக்குக் கால்டுவெல் 1841-இல் வந்தார். சென்னையிலிருந்து பெரும்பாலும் நடந்தே வந்தார். 1856-இல் வெளியான திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணத்துக்காக அவரைத் தமிழ்நாடு முழுவதும் அறியும். 1849-இல் இந்தப் பனையேறும் மக்களைப் பற்றி அவர் வெளியிட்ட சிறு நூல் அவர்களை எவ்வளவு நோகடித்தது என்பதையும் சேர்த்தே அறிய வேண்டும். இரண்டும் ஒரே மனிதருடைய பேனாதான். அந்த நூலில் மட்டமாகச் சொல்லப்பட்டவர்களுடைய கைகள்தான் அவருடைய கோயிலைக் கட்டின. 1847-இல் தொடங்கி 1880-இல் முடிந்த வேலை, 33 ஆண்டுகள். இளைஞனாக முதல் கல்லை அடுக்கிய கொத்தனார் இருந்திருந்தால், முடிகிறபோது பேரன் எடுத்திருப்பார். எபிரெயர் 11-இல் வாக்குத்தத்தத்தை அடையாமல், தூரத்திலே கண்டு மரித்தவர்களின் பட்டியல் ஒன்று இருக்கிறது. கூர்வளைவு ஜன்னல்களை அண்ணாந்து பார்க்கும்போது, பாதிச் சுவர் உயரத்தை மட்டும் கண்டு போனவர்களை நினைத்துக்கொண்டேன். பாதிச் சுவரிலும் கல் நேராகத்தான் இருக்கிறது. யாரும் நமக்கென்ன என்று விடவில்லை.

கால்டுவெல் 1891-இல் கொடைக்கானலில் காலமாகி இங்கே கொண்டுவரப்பட்டு இந்தக் கோயிலுக்குள்ளேயே அடக்கம் செய்யப்பட்டார். அவருடைய மனைவி எலைசா நாகர்கோவிலிலிருந்து வந்தவர். அங்கே அவருடைய தாய் பெண்களுக்குக் கற்றுக்கொடுத்த லேஸ் பின்னலை இங்கேயும் கொண்டுவந்தார். தலையணைபோன்ற திண்டில் ஊசிகளைக் குத்தி, நூல் சுற்றிய சிறு கட்டைகளைக் குறுக்கும் நெடுக்கும் மாற்றிப் போட்டுப் பின்னுவது. ஒரு மணி நேரத்துக்கு விரல்நீளம் வந்தால் பெரிது. உற்றுப் பார்த்தால் பூவையும் இலையையும் காட்டுவது நூல் மட்டும் இல்லை. நூல் போகாமல் விட்ட இடங்களும்தான். பெரிய இலக்கணத்தையும் பெரிய கோயிலையும் பார்க்க வருகிறவர்கள் இதற்கும் கொஞ்சம் நேரம் ஒதுக்கலாம். லேஸ் விற்ற காசாகப் பெண்பிள்ளைகள் கையில் சொந்தப் பணம் புழங்கியது.

திரும்பும் வழியில் சாத்தான்குளத்துக்கு முன்னால் முதலூர். 1799-இல், விசுவாசத்துக்காக விரட்டப்பட்டவர்களுக்கென்று தாவீது சுந்தரானந்தம் அமைத்த குடியேற்றம். திருநெல்வேலிச் சீமையின் முதல் புராட்டஸ்டண்ட் கிறிஸ்தவ ஊர் இதுதான். இப்போது ஊரின் பெயரைச் சொன்னால் பலருக்கு மஸ்கோத் அல்வாதான் நினைவுக்கு வருகிறது. நெய்க்குப் பதில் தேங்காய்ப்பாலில் கிண்டி, அதன் எண்ணெயே பிரிந்து வருமட்டும் விடாமல் கிளறுவது. கண்ணாடிபோல் பளபளக்கும், வாயில் போட்டால் வழுக்கிக்கொண்டு போகும்.

கடைக்காரப் பையன் தராசில் தாளை விரித்துவிட்டு, "எவ்வளவு போடட்டும் பாட்டி?" என்றான்.

"ரெண்டு கிலோ."

நான் மெதுவாக மன்னாவை ஞாபகப்படுத்தினேன். அன்றன்றைக்கு வேண்டியது, அடுத்த நாளைக்கு வைத்தால் பூச்சி, காலையில் அத்தனை நேரம் பேசியது.

சித்தி திரும்பிப் பார்த்தார். "ஏலே, யாத்திராகமம் 16-ஆ? ஆறாம் நாள்ல ரெண்டத்தனையா சேத்துக்கிடச் சொன்னதும் அதே அதிகாரம்தான். இன்னைக்கு சனிக்கிழம. நாளைக்கு இவன் கட திறக்கமாட்டான். நீ போடுப்பா."